முதலில் கூரை, அப்புறம் மேற்குச் சுவர், கடைசியில்தான் ஏசி

பங்குனி மாதத்து ராத்திரி ஒன்பது மணிக்கு, ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலில் ஏறி, படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொட்டுப் பாருங்கள். வெயில் இறங்கி இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். கூரை இன்னும் சுடும். நாலைந்து அங்குல காங்கிரீட் வார்ப்பு, மேலே வாங்கிய சூட்டை அடிப்பக்கம் கொண்டு சேர்க்க மூன்று மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மட்டுப்பாவில், அதாவது மொட்டை மாடித் தளத்தில், பிற்பகல் முழுக்க ஏறிய சூடு, நாம் பாய் விரிக்கும் நேரத்தில் தலைக்கு மேல் இறங்குகிறது. ஃபேன் அந்தச் சூட்டுக் காற்றைத்தான் கீழே தள்ளும். ஏசி போட்டிருந்தால், அது ராத்திரி முழுக்க அந்தக் கூரையோடுதான் மல்லுக்கட்டும். கரண்டு பில்லைக் குறைக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் கடைக்குப் போய் ஸ்டார் எண்ணுகிறார்கள். அதற்கு முன்னால் ஏணி வைத்து மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

வீட்டைக் காலநிலைக்கு ஏற்றதாக்குவது பற்றி இணையத்தில் தேடினால், வருவதில் பாதி குளிர்நாட்டு வைத்தியம். கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு எல்லாவற்றையும் அடை, உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போகாமல் பார்த்துக்கொள் என்பார்கள். அந்த ஊருக்கு அது சரி. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் ஐப்பசி மழையும் இரண்டும் பெய்கிற குமரி மாவட்டத்தில் வீட்டை முழுக்க அடைத்தால் ஆடி மாதத்துக்குள் பீரோவில் இருக்கும் பட்டுப்புடவையில் பூஞ்சை பூத்துவிடும். இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்த அறை திறந்த அறையா, மூடிய அறையா? திறந்த அறை என்றால் வெயில் படாமலும் காற்று ஓடும்படியும் செய்ய வேண்டும். ஏசி உள்ள மூடிய அறை என்றால் ஒழுங்காக அடைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அரைகுறையாக நிற்கும் அறைதான் பணத்தைத் தின்கிறது. இதை ஒவ்வொரு அறைக்கும் முடிவு செய்த பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள்.

சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். முதல் கருவி வாசலில் இருக்கும் மீட்டர். அதன் முகப்பில் ஒரு சின்ன விளக்கு விட்டு விட்டு மினுக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது பக்கத்திலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 36 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் 1125 வரும். இரண்டு மினுக்குக்கு நடுவே எத்தனை விநாடி என்று பார்த்து, 1125-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் கிடைக்கும். 15 விநாடிக்கு ஒரு தடவை மினுக்கினால் 75 வாட். பத்து மினுக்குக்கான நேரத்தை எடுத்துச் சராசரி பார்ப்பது நல்லது. உங்கள் மீட்டரில் 1600 என்றிருந்தால் 1125-க்குப் பதில் 2250.

இப்போது வீட்டில் எல்லா சுவிட்சையும் அணைத்து, ஃபிரிட்ஜ் பிளக்கையும் எடுத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். விளக்கு மினுக்கவே கூடாது. மினுக்கினால் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும். ஒன்று, டிவியும் செட்டாப் பாக்ஸும் ரிமோட்டில் மட்டும் அணைந்து கிடப்பது. இரண்டும் சேர்ந்து 12 வாட் இழுத்தாலே இரண்டு மாதத்தில் 17 யூனிட். இரண்டாவது, இன்வெர்ட்டர். பேட்டரி பழசாகிவிட்டால் நிறைந்த பிறகும் சார்ஜ் இழுத்துக்கொண்டே இருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும், டிஸ்டில்டு வாட்டர் சீக்கிரம் குறையும். மூன்றாவது, ஈரச் சுவரிலோ பழைய வயரிலோ கசிவு. மீட்டரில் எர்த் கசிவைக் காட்டும் தனி விளக்கு இருந்து, அது எரிந்தால் தாமதிக்காமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது பில்லைவிட உயிருக்குத்தான் ஆபத்து. கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத வீடாக இருந்தால் அந்தத் தடவையே போட்டுவிடச் சொல்லுங்கள்.

அடுத்து ஒவ்வொரு சாமானாகப் போட்டு எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் வாக்கில் காட்டும், புது வகை மோட்டார் வைத்த பிஎல்டிசி ஃபேன் 30 வாட் வாக்கில். தினமும் 12 மணி நேரம் ஓடும் ஒரு ஃபேனை மாற்றினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். எப்போதும் ஓடும் ஃபேனை மட்டும் மாற்றினால் போதும். விருந்தினர் அறை ஃபேனை மாற்றுவதில் லாபமில்லை. மாற்றும்போது சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றி நேரடியாக இணைக்கச் சொல்லுங்கள். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால் பிஎல்டிசி ஃபேன் ரீங்காரமிடும், ரிமோட்டுக்குக் கட்டுப்படாது, அதன் சர்க்யூட் போர்டும் கெடும். தண்ணீர் மோட்டாரையும் விட்டுவிடாதீர்கள். 1 ஹெச்பி மோட்டார் 1100 வாட் வாக்கில் இழுக்கும். தினம் ஒரு மணி நேரம் என்றால் இரண்டு மாதத்துக்கு 66 யூனிட். முன்பு 20 நிமிடத்தில் நிறைந்த டேங்க் இப்போது 40 நிமிடம் எடுத்தால், உறிஞ்சு குழாயின் அடியிலுள்ள ஃபுட் வால்வு அடைத்திருக்கலாம், அல்லது குழாய் இணைப்பு காற்று வாங்கலாம்.

இரண்டாவது கருவி, தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர். மாலை 4 மணிக்கும் இரவு 9 மணிக்கும் கூரையின் அடி, நான்கு சுவர்கள், ஜன்னல் கண்ணாடி, கதவு எல்லாவற்றையும் அளந்து, ஒரு தாளில் வீட்டுப் படம் போட்டுக் குறியுங்கள். நிழலில் தொங்கும் சாதாரண தெர்மாமீட்டரில் அறைக் காற்றின் வெப்பத்தையும் எழுதுங்கள். கூரை, காற்றைவிட 3, 4 டிகிரி கூடுதலாக இருந்தால் பிரச்சினை கூரையில்தான். மேற்குச் சுவர் மட்டும் கூடுதல் என்றால் வேலை அங்கே. பளபளக்கும் தகரம், ஸ்டீல், அலுமினியத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும். அது எதிரொளிக்கும் வேறொரு பொருளின் சூட்டைக் காட்டும். அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் மேல் அளக்க வேண்டும்.

இனி கூரை. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் இறங்குகிறது. 120 சதுர அடி அறைக்கு மேல் அது 11 கிலோவாட். பாசி படிந்து கறுத்த தளம் அதில் முக்கால் பங்கை உறிஞ்சும். புதிதாக வெள்ளை அடித்த தளம் ஐந்தில் ஒரு பங்கைத்தான் உறிஞ்சும். ஒரு டன் ஏசி வெளியே இழுத்துப்போடும் வெப்பமே மூன்றரை கிலோவாட்தான். உறிஞ்சியதெல்லாம் அறைக்குள் வராது, பெரும்பகுதி காற்றோடு போய்விடும் என்றாலும், தூரிகையும் வாளியும் செய்யும் வேலை எவ்வளவு பெரியது என்று இதிலிருந்து தெரியும்.

வெள்ளை அடிக்கும் காலம் நமக்குத் தையும் மாசியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய தளம் அதற்குள் காய்ந்திருக்கும், சித்திரையில் வரும் கோடை மழைக்கு முன் பூச்சு இறுகிவிடும். முதலில் பாசி. கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றி அரை மணி நேரம் விட்டு, நன்றாகக் கழுவி விடுங்கள். பாசியின் மேல் அடித்த எந்தப் பூச்சும் அடுத்த மழையில் தோலாக உரிந்து வரும். பிறகு வெடிப்புகளைப் பார்க்க வேண்டும். தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, குழாய் இறங்கும் ஓட்டை, டேங்க் தூண்களின் அடி ஆகிய இடங்களில்தான் ஒழுகல் தொடங்கும். வெடிப்பை உளியால் கொஞ்சம் அகலப்படுத்தித் தூசி தட்டி, பாலிமர் கலந்த சிமென்ட் கலவையால் அடைக்க வேண்டும். மேலோடு சிமென்ட் பால் ஊற்றுவது ஒரு வெயிலுக்கே திரும்ப வெடித்துவிடும்.

தளம் உண்மையில் காய்ந்துவிட்டதா என்பதற்குச் சுலபமான சோதனை உண்டு. ஒன்றரை அடிச் சதுரமான பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி 16 மணி நேரம் விடுங்கள். உரித்துப் பார்க்கும்போது அடியில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். இதைப் பார்க்காமல் அவசரமாக ரப்பர் பூச்சு அடித்த தளங்கள் கொப்புளம் போட்டு நிற்பதை எங்கும் காணலாம். உள்ளே அகப்பட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைத் தூக்கும்.

பூச்சில் இரண்டு வழி. கைப்பணம் குறைவு என்றால் சுண்ணாம்பு. 1000 சதுர அடிக்கு மூன்று கை, அதாவது மூன்று பூச்சு, அடிக்கச் சுமார் 30 கிலோ நீற்றாத சுண்ணாம்பு ஆகும். கிலோவுக்கு 5 லிட்டர் கணக்கில் தண்ணீர். இரும்பு டிரம்மில் நீற்றுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வாளி அந்தச் சூட்டில் இளகிவிடும். கொதிக்கும்போது தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும், ஆகவே கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்தில் போக வேண்டாம், பிள்ளைகளை அண்ட விடவும் வேண்டாம். ஒரு நாள் ஆறவிட்டு, துணியில் வடிகட்டி, பிசின் அல்லது பெயின்ட் கடையில் கிடைக்கும் பசை சேர்த்து, தளத்தை லேசாக நனைத்து மெல்லியதாக அடிக்க வேண்டும். கெட்டியாக ஒரே கை அடித்தால் காலில் ஒட்டிக்கொண்டு வரும். நம் ஊரில் இரண்டு மழைக்காலமும் சேர்ந்து இதைக் கழுவிவிடும் என்பதால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும்.

கொஞ்சம் செலவழிக்க முடிந்தால் கூரைக்கென்றே வரும் வெள்ளை அக்ரிலிக் ரப்பர் பூச்சு. முதல் கை தண்ணீர் கலந்தது. அடுத்த இரண்டும் கலக்காமல், ஒன்று கிழக்கு மேற்காக, மற்றது தெற்கு வடக்காக. டப்பாவில் போட்டிருக்கும் பரப்பளவைவிடக் கூடுதல் தூரம் இழுத்து அடிப்பதுதான் எல்லா இடத்திலும் நடக்கும் தப்பு; சதுர அடியைக் கணக்கிட்டு அத்தனை டப்பாவும் காலியாகிறதா என்று நின்று பாருங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி உச்சிக்குள் ஒரு கையை முடித்துவிட வேண்டும். பங்குனி தாண்டினால் மத்தியானத்துக்குமேல் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து மழை இறங்கும். இந்தப் பூச்சும் ஆண்டுக்கு ஒரு தடவை கழுவினால்தான் வெள்ளையாக இருக்கும். ரப்பர்த் தோட்டத்துக்குப் பக்கத்து வீடுகளில் இலையும் பாசியும் சீக்கிரம் படியும். அங்கே இரண்டு தடவை.

நம் மாவட்டத்தில் வீட்டுக்கு வீடு ஏறிவிட்ட ட்ரஸ் கூரை, அதாவது மட்டுப்பாவுக்கு மேல் இரும்புச் சட்டம் நிறுத்தித் தகரம் போடுவது, சூட்டுக்கு நல்ல மருந்துதான். வெயில் தளத்தைத் தொடவே தொடாது. ஆனால் சுற்றிலும் திறந்திருந்தால் மட்டுமே அது மருந்து. துணி காயப்போட, சாமான் வைக்க என்று நான்கு பக்கமும் தகரமோ செங்கலோ வைத்து அடைத்துவிட்டால், சூட்டுக் காற்று உள்ளே தேங்கித் தளத்தை வேகவைக்கும். மேற்கும் கிழக்குமாவது முழுக்கத் திறந்து கிடக்கட்டும். ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று அதைத் துடைத்துக்கொண்டு போகும். கட்டுமானத்தில் காற்றின் தூக்கு விசைதான் பெரிய பயம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் வந்து போனதை இங்கே யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. ட்ரஸ் கால்களைக் கைப்பிடிச் சுவரில் நடக் கூடாது, கீழே தூணோ உத்திரமோ உள்ள இடத்தில் ஆங்கர் போல்ட்டால் இறுக்க வேண்டும். ஓரங்களிலும் மூலைகளிலும்தான் காற்று முதலில் பிடித்துத் தூக்கும். அங்கே ஸ்குரூக்களை நெருக்கமாகப் போடச் சொல்லுங்கள். ஸ்குரூ தகரத்தின் மேட்டில் இறங்கட்டும், பள்ளத்தில் இறங்கினால் மழைநீர் அதைச் சுற்றித்தான் ஓடும். குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கடலோரத்தில் சாதாரண ஸ்குரூ உப்புக்காற்றில் அரித்துவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள்.

நேரே தகரத்துக்கு அடியிலேயே குடியிருப்பவர்களுக்கு ஃபால்ஸ் சீலிங்கும் அலுமினியத் தாளும் உதவும். ஆனால் அந்தத் தாளுக்கும் தகரத்துக்கும் நடுவில் குறைந்தது ஓர் அங்குலக் காற்றிடம் வேண்டும். தகரத்தோடு ஒட்டினால் அலுமினியம் சூட்டைக் கடத்தத்தான் செய்யும். பளபளப்புப் பக்கம் கீழ்நோக்கி இருந்தால் தூசி படியாது. மலிவு என்று தெர்மாகோலை வெறுமனே கூரையில் ஒட்டாதீர்கள், ஒரு வயர் பொறி போதும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்றால் சுரண்டுவதும் உலர்வாகத் துளையிடுவதும் கூடவே கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு. மெல்ல நனைத்துக் கழுவி மேலே வெள்ளை அடித்தால் போதும்.

ஓட்டு வீட்டுக்கு வேறு கணக்கு. ஓடு மெல்லியது, சூட்டைச் சேமிக்காது, அந்திக்குள் ஆறிவிடும். ஓட்டிடுக்கு வழியாகக் காற்றும் போய் வரும். பழைய வீடுகளின் மர மச்சும், முகப்பில் விட்ட அழித் திறப்பும் அந்தச் சூட்டை மேலேயே நிறுத்தி வெளியே அனுப்பின. பத்மநாபபுரம் அரண்மனையில் சாய்த்து வைத்த மரச் சட்டங்கள் வழியே வெயில் வராமல் காற்று மட்டும் வருவதை ஒரு மதியம் போய் நின்று பாருங்கள். இப்போது நடக்கும் கெடுதல் என்னவென்றால், ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் சீலிங் அடித்து, முகப்புத் திறப்பையும் பல்லி வரும் என்று அடைத்துவிடுகிறார்கள். பல்லிக்கு வலை போடுங்கள், திறப்பை அடைக்க வேண்டாம். உடைந்த ஓட்டையும் முகட்டு ஓட்டின் சாந்தையும் வைகாசிக்குள் பார்த்துவிடுங்கள். ஓட்டைத் தாங்கும் கழுக்கோல் மரம் நனைந்தால் அதில் கறையான் வர அதிக நாள் ஆகாது.

சுவருக்கு வந்தால், நாகர்கோவில் வடக்கே 8 டிகிரிக்குச் சற்று மேல். சித்திரை பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பு சூரியன் நேர் உச்சிக்கு வந்துவிடும். அதன்பின் ஆகஸ்ட் கடைசி வரை நண்பகலில் அது நமக்கு வடக்கே நிற்கும். ஆகவே வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நினைத்துச் சன்ஷேடு போடாமல் விட்டால் வேனிலிலேயே மாட்டிக்கொள்வோம். 2 அடி சன்ஷேடு, ஜூன் நண்பகலில் வடக்கு ஜன்னலுக்கு 7 அடி நிழல் தரும். டிசம்பரில் தெற்கு ஜன்னலுக்கு மூன்றேகால் அடி. இரண்டும் போதும். போதாதது மேற்கில். மாலை நாலே கால் மணி வாக்கில் சூரியன் 30 டிகிரி உயரத்துக்கு இறங்கிவிடும், அதே 2 அடி சன்ஷேடு அங்கே ஓர் அடிக்குச் சற்று மேல் மட்டுமே நிழல் போடும். மேற்கு ஜன்னலுக்கு நெடுக்காக மறைக்கும் ஒன்றுதான் வேண்டும்: முடைந்த ஓலைத் தட்டி, மூங்கில் தட்டி, 75 சதவீத நிழல்வலை, எதுவானாலும் சரி. அது ஜன்னலுக்கு வெளியே, சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி இருக்க வேண்டும். உள்ளே தொங்கும் திரை, கண்ணாடியைத் தாண்டி வந்துவிட்ட சூட்டைத் திருப்பி அனுப்பாது. இடம் இருந்தால் மேற்கே ஏழெட்டு அடி தள்ளி நாலு மூடு வாழை வையுங்கள். மட்டியோ செந்துளுவனோ, உங்கள் விருப்பம். தென்னை நிழல் இந்த வேலைக்கு ஆகாது, அது தலையில்தான் ஓலை வைத்திருக்கிறது.

காற்றோட்டத்தில் மறக்கப்படுவது வெளியேறும் வழி. காற்று வரும் ஜன்னலை மட்டும் திறந்து வைத்து எதிர்ப்பக்கத்தை அடைத்தால் காற்று உள்ளே நுழையாது. வெளியேறும் திறப்பு நுழையும் திறப்பைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. நடுக் கதவுகள் திறந்திருக்கட்டும். ஜன்னலுக்கு மேல் வெண்டிலேட்டரைக் கண்ணாடி வைத்து நிரந்தரமாக மூடிய வீடுகளில் சூட்டுக் காற்று கூரையோடு தேங்கும். கண்ணாடியை எடுத்துவிட்டுக் கொசுவலை அடித்தால் ஒரே நாளில் வித்தியாசம் தெரியும். கொசுவலையில் உப்பும் தூசியும் படிந்தால் காற்று நின்றுபோகும், மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவ வேண்டும்.

ஏசி அறைக்கு இதற்கு நேர்மாறு. ஃபேனையும் ஏசியையும் நிறுத்தி, ஒரு சாம்பிராணி வத்தியைக் கொளுத்திக் கதவின் அடி, ஜன்னல் சட்டம், ஏசி குழாய் போகும் துளை, லாஃப்ட் மூலை, சுவிட்ச் போர்டு என்று மெதுவாகக் கொண்டு போங்கள். புகை வளைகிற இடம் ஓட்டை. கதவின் அடி இடுக்கு அரை அங்குலம் இருந்தால் அதுவே பெரிய வாசல். அடியில் திருகிப் பொருத்தும் ரப்பர் பட்டை போதும். மரச் ஜன்னல் கதவுகளுக்கு ஒட்டும் ரப்பர் பட்டை. பஞ்சுப் பட்டை ஈரத்தில் ஒரு மழைக்காலத்தில் மக்கிவிடும். சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவிலுள்ள விரிசலுக்குச் சிலிக்கான். குழாய்த் துளையை நுரையால் அடைத்தால், வெயில் படும் வெளிப்பக்கத்தைச் சிமென்ட்டால் மூடுங்கள், இல்லையென்றால் நுரை பொடிந்துவிடும். இப்படி அடைத்த அறையில் அடுப்போ இன்வெர்ட்டர் பேட்டரியோ இருக்கவே கூடாது. படுக்குமுன் பத்து நிமிடம் கதவைத் திறந்து வைத்து நல்ல காற்று நிரப்பிக்கொள்ளுங்கள்.

தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்குவது நம் ஈரக் காற்றுக்கு ஒத்துவராது. அது சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும், ஈரத்தை இழுக்க நேரமே கிடைக்காது. குளிரும் பிசுபிசுப்புமாக இருக்கும், மனிதர்கள் இன்னும் இரண்டு டிகிரி குறைப்பார்கள். கூரையைச் சரிசெய்த 120 சதுர அடி அறைக்கு ஒரு டன் தாராளம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஏசியின் மின்சாரம் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு தரும் கணக்கு. 26-இல் வைத்து ஃபேனையும் மெதுவாக ஓடவிடுவது நம் ஊருக்குப் போதும். கடலோரத்தில் வெளி யூனிட்டின் தகடுகளை மாதம் ஒரு தடவை நல்ல தண்ணீரில் மெல்லக் கழுவ வேண்டும், மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு.

சோலாரை இத்தனைக்கும் பிறகு யோசியுங்கள். ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்குச் சுமார் 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. இரண்டு மாத யூனிட்டை 240-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் வந்துவிடும். 480 யூனிட் ஓடும் வீடு 300-க்கு வந்திருந்தால், 2 கிலோவாட்டுக்குப் பதில் ஒன்றேகால் போதும். 2024-இல் வந்த பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம். பேனல் நிற்கும் இடத்தில் தளத்துக்கு நிழலும் கிடைக்கிறது, ஆகவே படுக்கையறைக்கு மேலேயே நிறுத்தச் சொல்லுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் என்றால், போல்ட்டை எத்தனை ஆழம் இறக்குகிறார்கள் என்று கூட நின்று பாருங்கள். முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்பது ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வீசும் காற்றை நம்பித்தான்.